என் வலிக்குக் கொட்டாவி வரும்

வலித்தால் ஊரில் எல்லோருக்கும் கண்ணீர் வரும். எனக்குக் கொட்டாவி வரும்.

அதுவும் கையால் மூடி மறைத்துவிடுகிற சின்னக் கொட்டாவி இல்லை. தாடை அகன்று, காது அடைத்து, எதிரில் நிற்பவருக்கு என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருக்கும் சிமெண்டு வரை தெரிகிற கொட்டாவி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். வலி இன்னும் ஏறினால் இடது கையில் மட்டும் புல்லரிக்கும். வலது கை தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல வழவழவென்று இருக்கும். அதற்கும் மேலே போனால் இடது பாதம் மட்டும் வேர்த்துச் செருப்பு வழுக்கும். உச்சத்துக்குப் போய் இறங்கும்போது சிரிப்பு வரும், காரணமே இல்லாத சிரிப்பு. இத்தனைக்கும் நடுவில் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. ஒரு முனகல் வராது. இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் வலிக்கிறது என்று சொல்ல?

இடுப்பில் வட்டு விலகி நரம்பை அழுத்துகிறது. வலி இடது பக்கம் பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்னால் இறங்கி, கால் சுண்டுவிரல் வரை போகும். சம்மணம் போட்டால் வரும், குந்தினால் வரும், குனிந்து கோலம் போட்டால் கேட்கவே வேண்டாம். பல வருஷமாகக் கூடவே இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, "எப்படிம்மா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்பார். சரியாக அந்த நேரம் பார்த்து நரம்பு இழுக்கும். நான் வாயைப் பிளப்பேன். அவர் முகம் சுண்டிப்போய்ச் சேலையை மேஜையில் வைத்துவிடுவார். இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஒரு அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இடது கையெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாருடி, விக்கிற பொண்ணுக்கே புல்லரிக்குது!" என்று சொல்லி அதையே பில் போடச் சொன்னார். அந்த நிறம் அவருக்குக் கொஞ்சமும் எடுக்கவில்லை. நான் சொல்லியிருப்பேன், ஆனால் வாயைத் திறந்தால் கொட்டாவி வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது எங்கள் பிரிவுக்கும் ஸ்டூல் வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் தீபாவளி போனஸுக்குக்கூட வந்ததில்லை. கூட்டம் குறைந்தால் உட்காருவேன், வலி ஒரு படி இறங்கும். ஆனால் வீட்டுக்கு எந்தச் சட்டம் வரும்? வீட்டில் அத்தை இருந்தார்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. எழுபதைத் தாண்டியவர். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிரசவத்தின்போது என்னைத் தரையில் கால் வைக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர். ஆனால் வலி விஷயத்தில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அவருக்கு முட்டி வலி. எழுந்தால் "அம்மாடி", உட்கார்ந்தால் "அப்பாடி", நடந்தால் "முருகா". பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டே அத்தை இப்போது கூடத்தில் இருக்கிறாரா, கொல்லைப்பக்கம் போய்விட்டாரா என்று சொல்லிவிடுவார்கள். அவரைப் பொறுத்தவரை வலி என்றால் சத்தம் கேட்க வேண்டும்.

"வலின்னா முனகணும் புள்ள. வாயைப் பொளந்தா அதுக்குப் பேரு தூக்கம்" என்பார். வெங்காயம் உரிக்க உட்கார்ந்து நான் கொட்டாவி விட்டால், "சோம்பேறித்தனத்துக்கு மருந்து இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் என்ன செய்யும்? நான்தான் உள்ளே குமைவேன்.

ஒருமுறை முனகப் பழகிப் பார்க்கலாம் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அம்மாடி... அய்யோ..." என்று அத்தை மாதிரியே இழுத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து என் கணவர் கதவைத் தட்டி, "உள்ள யாரு கூடப் பேசுற?" என்றார். வந்ததே எனக்குச் சிரிப்பு! அதோடு அந்தப் பயிற்சி முடிந்தது.

அவர் நம்பினார், அதைச் சொல்லவேண்டும். ஆனால் அம்மாவிடம் வாய் திறக்கமாட்டார். "அம்மாவுக்கு நீ எடுத்துச் சொல்லு" என்று என்னிடமும், "அவ கிட்ட நீங்களே கேளுங்க" என்று அத்தையிடமும் சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனபோது, என் கொட்டாவியையும் இடது கைப் புல்லரிப்பையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வயித்தப் புரட்டும். தாங்க முடியாதப்ப உடம்பு தனக்குத் தெரிஞ்ச எதையாவது செய்யும்மா. உங்க உடம்புக்கு இதுதான் தெரிஞ்சிருக்கு" என்றார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை கேட்டுவிட்டு, "கொட்டாவிக்கெல்லாமா டாக்டரு பீஸ் வாங்குறாரு?" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வலி போகாது என்று தெரியும், அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். வலிக்கிறது என்று நான் சொன்னால் அத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நம்பவேண்டும். வேறு யார் நம்பினாலும் அந்த இடம் நிறையவில்லை. ஒரே அடுப்படியில் நாளெல்லாம் நிற்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தானே.

எங்கள் குலசாமி ஒக்கூருக்கு அங்குட்டு, ஒரு கண்மாய்க்கரையில் இருக்கும் அம்மன். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்போம். ஆத்தாளுக்கு முன்னால் யாரும் தரையைத் தவிர வேறு எதிலும் உட்காரக்கூடாது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவரும் மண்ணில்தான் உட்காருவார், மலேசியாவிலிருந்து வந்தவரும் மண்ணில்தான். அந்த வழக்கத்துக்குப் பயந்தே சில வருஷமாக நான், "கடையில ஆடித் தள்ளுபடி, லீவு இல்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோயிலில் ஒரு குறை இருந்தது. பழைய சாமியாடி காலமானபிறகு ஆத்தா யார் மேலும் இறங்கவில்லை. அவள் வந்து உத்தரவு சொல்லாமல் கோயிலுக்குக் கூரை போடமுடியாது என்று வாங்கிப்போட்ட தகரமும் கம்பியும் அப்படியே துருப்பிடித்துக்கொண்டிருந்தன. சாமி இறங்குகிற வீட்டுக்கு முதல் மாலை, முதல் அகப்பைப் பொங்கல். சாமி இறங்காததால் அந்த மரியாதை, மூத்த வீடு என்று, பெரிய மாமா வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. பெரிய மாமா என்பவர் என் மாமனாரின் அண்ணன், பங்காளிகளில் மூத்தவர். "ஆத்தா ஒரு தடவையாச்சும் நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாளா" என்று அத்தை சாமி கும்பிடும்போதெல்லாம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இதைப் பெரிய மாமாவிடம் சொல்லமாட்டார். கணவருக்கு அண்ணன் என்பதால் அத்தை அவர் முன்னால் நின்று பேசியதே கிடையாது. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். ஏதாவது சொல்லவேண்டும் என்றால் என் கணவரிடம் சொல்லி, அவர் போய்ச் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் அத்தை, "என் முட்டிக்கு முடியல. நம்ம வீட்டுப் பொங்கல நீதான் வைக்கணும். தள்ளுபடி, கிள்ளுபடின்னு சொல்லாத" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வேனில் போனோம். ரோட்டில் இருந்த பள்ளம் ஒவ்வொன்றையும் என் இடுப்பு தனித்தனியாக விசாரித்தது.

போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வரிசையாகச் செங்கல் அடுப்பு. எங்கள் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஓலையைச் செருகினேன். காற்று கண்மாய்ப் பக்கமிருந்து வந்து புகையை நேராக என் முகத்தில் அடித்தது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது, அரிசியைப் போட்டேன். அப்போது கால் இழுத்தது. முதல் கொட்டாவி வந்தது.

எங்கள் பக்கத்தில் சாமி வருகிறவர்களுக்கு முதலில் கொட்டாவிதான் வரும். அடுக்கடுக்காகக் கொட்டாவி, பிறகு உடம்பு சிலிர்க்கும், பிறகு கால் ஆடும். இது எனக்குத் தெரியாததில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் என் இடுப்பு வட்டையும் ஆத்தாளையும் நான் சேர்த்து நினைத்ததே கிடையாது.

இரண்டாவது கொட்டாவிக்குப் பக்கத்து அடுப்புக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவதுக்கு அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நான் எழுந்துவிடலாம் என்று அடுப்புக்கல்லில் கை ஊன்றினேன். எழ முடியவில்லை. இடது கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. இடது கையில் முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான். யாரோ குலவை போட்டார்கள். மரத்தடியில் சும்மா தட்டிக்கொண்டிருந்த மேளக்காரர்கள் துள்ளி எழுந்து அடியை மாற்றினார்கள். பெரிய மாமா தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இவர் காலில் நான் விழுந்து கும்பிட்டு எத்தனை பொங்கலுக்குக் காசு வாங்கியிருக்கிறேன்!

"மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

"ஆத்தா மொதல்ல அப்படித்தான் சொல்லுவா" என்றார் அவர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் ஆமாம் என்றது. இன்னொரு கொட்டாவி வந்தது. குலவை இன்னும் உயர்ந்தது. நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். "தலைய ஆட்டுறா பாருங்க!" என்றார்கள். மறுக்க மறுக்க நான் மேலும் மேலும் சாமியாகிக்கொண்டிருந்தேன்.

"எங்க மேல என்ன கோவம் தாயி? இத்தன நாளா வராம இருந்திட்டியே! என்ன வேணும்னு கேளு! கெடா வேணுமா, கூர வேணுமா?" பெரிய மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்ததை உள்ளபடி சொன்னேன்.

"சேர்" என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. எங்கள் ஆத்தா ஆடு கேட்டிருக்கிறாள், கோழி கேட்டிருக்கிறாள், ஒருமுறை பட்டுச்சேலை கேட்டாளாம். சேர் கேட்டதில்லை. "சேரா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள். "பிளாஸ்டிக் சேரு போதுமா, மரத்துல செஞ்சு போடணுமா?" என்று இன்னொருவர் பெரிய மாமாவின் காதில் கேட்டது எனக்கே கேட்டது.

அப்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முட்டியைப் பிடித்தபடி "அப்பாடி" என்று எனக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். அவர் முகம் ஜொலித்தது. ஆத்தா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள் அல்லவா! இத்தனை வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் முதல் மாலை அவர் கைக்கு வந்துவிடும். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

என் காதருகே குனிந்து, "புள்ள, ஆத்தாளா?" என்றார்.

"இல்ல அத்தை. வலிக்குது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். இடது கையைத் தடவினார். வலது கையைத் தடவினார். மறுபடியும் இடது கையைத் தடவினார். இந்தப் பக்கம் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கால்களைப் பார்த்தார். வலது பாதத்தில் காய்ந்த புழுதி. இடது பாதத்தில் வேர்த்து நனைந்த மண் சேறாக ஒட்டியிருந்தது.

"எப்பவும் இந்தப் பக்கந்தானா?" என்று கேட்டார்.

"எப்பவுமே இதுதான் அத்தை. உங்க கிட்ட சொன்னேன்ல."

அத்தை கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. அவர் முகத்திலிருந்த ஜொலிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். என் தோளைப் பிடித்து எழுந்தார். எழும்போது "அம்மாடி" என்று சொல்லவில்லை. பெரிய மாமாவுக்கு நேரே போய் நின்றார். என் கணவர் பதறிப்போய், "அம்மா, என்னன்னு என்கிட்ட சொல்லுங்க" என்று நடுவில் வந்தார். அத்தை அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டார்.

"இது சாமி இல்ல" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆத்தா வந்தா முழுசா வருவா. பாதி உடம்புல வர அவ என்ன கஞ்சப்பிசினாறியா? என் மருமகளுக்கு இடுப்பு வலி. அவளுக்கு வலி வந்தா இப்படித்தான் வரும்."

என் மருமகளுக்கு இடுப்பு வலி! இந்த வார்த்தைக்காக நான் குளியலறையில் முனகிக்கூடப் பார்த்தவள்.

கூட்டம் சப்பென்று ஆகிவிட்டது. மேளக்காரர்கள் மரத்தடிக்குத் திரும்பினார்கள். சேர் எடுக்கப் போனவர் பாதி வழியில் நின்று, போவதா வருவதா என்று தெரியாமல் பெரிய மாமாவைப் பார்த்தார். பெரிய மாமா இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். தம்பி மனைவி தன் முகத்தைப் பார்த்துப் பேசியதில் அவர் திகைத்துப்போயிருந்தார். "சரி, வலின்னா அந்தப் புள்ளய வேன்ல போய்ப் படுக்கச் சொல்லுங்க. சேரெல்லாம் ஆத்தா முன்னால போடக்கூடாதுல்ல" என்றார்.

அத்தை நகரவில்லை. "ஆத்தா கேட்டா போடுவீக. என் மருமக கேட்டா போட மாட்டீகளா?"

பெரிய மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கோயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு சேர் எடுக்கப் போனவரைப் பார்த்து, "என்னப்பா நின்னுட்ட? எடுத்துட்டு வா" என்றார்.

வேனில் சீட்டுப் பத்தாதவர்களுக்குப் போட்டுவந்த சிவப்புப் பிளாஸ்டிக் சேர்களில் ஒன்று வந்தது. அத்தையும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி என்னை உட்காரவைத்தார்கள். நரம்பு விட்டுக்கொடுத்தது. வலி இறங்கியது. இறங்கும்போது எனக்கு என்ன வரும் என்றுதான் சொல்லியிருக்கிறேனே! ஆத்தாளுக்கு முன்னால், அத்தனை பங்காளிகள் நடுவில், வயிறு குலுங்கச் சிரித்தேன். கூட்டம் மறுபடி உஷாரானது. "இதுவும் வலிதான்யா, வேலயப் பாருங்க" என்றார் அத்தை. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பெரிய மாமா உட்பட.

சேரில் உட்கார்ந்தபடி நீளக் கரண்டியால் கிண்டினேன். எங்கள் பானை ஆத்தா இருக்கும் திசையைப் பார்த்துப் பொங்கி வழிந்தது. அப்போது போட்ட குலவை எனக்காகவே போட்டது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் சின்ன மாமியார் ஒருவர் மெல்ல வந்து, "வேன்ல இன்னொரு சேரு இருக்கா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். எத்தனை இடுப்பு, எத்தனை முட்டி அந்தக் கூட்டத்தில் வாய் பேசாமல் மண்ணில் உட்கார்ந்திருந்திருக்கிறது! ஆண்களில் முதலில் உட்கார்ந்தது பெரிய மாமா. "சும்மாதான், கால்ல முள்ளு இருக்கான்னு பாக்குறேன்" என்றார். பொங்கல் பரிமாறும்வரை அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாலை அந்த வருஷமும் பெரிய மாமா வீட்டுக்கே போனது. அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம் என் இடுப்புக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்தார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

அடுத்த ஆடிக்குப் போனபோது பந்தலோடு சேர்த்துச் சேரும் வாடகைக்கு வந்திருந்தது. ஆத்தா இன்னும் யார் மேலும் இறங்கவில்லை, தகரம் இன்னும் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. பொங்கல் பாதியில் இருக்கும்போது, புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு மருமகள் கொட்டாவி விட்டாள். தொடர்ந்து இன்னொன்று. மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிவிட்டார்கள். பெரிய மாமா துண்டில் கை வைத்தார். வைத்தவர் சட்டென்று திரும்பி அத்தையைப் பார்த்தார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அத்தை "முருகா" என்று எழுந்து போனார். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் வாங்கித் தடவிப் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "இது தூக்கம்" என்று தீர்ப்புச் சொன்னார். "புதுசாக் கல்யாணம் ஆன புள்ளய விடியறதுக்குள்ள எழுப்பி வேன்ல ஏத்தினா வேற என்ன வரும்? போய்ப் படுக்க விடுங்கய்யா." அந்தப் பெண் வெட்கத்தில் சிவந்து வேனுக்கு ஓடினாள். குச்சிகள் இறங்கின.

திரும்பி வந்து என் சேருக்குப் பக்கத்தில் இருந்த சேரில் உட்கார்ந்தார். நான் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். என் வாய் லேசாகத் திறந்ததைப் பார்த்துவிட்டார்.

"கையக் காட்டு" என்றார்.

வலது கைதான் எதையும் காட்டிக்கொடுக்காது என்று அதை நீட்டினேன்.

"அது இல்ல. என்கிட்டயே ஏமாத்துறியா? மத்தது."

இடது கையை நீட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுத் தன் காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். பிரித்தால் உள்ளே வெந்நீர்ப் பை, பக்கத்தில் பெரிய ஃபிளாஸ்க். வீட்டிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்திருந்தார். வெந்நீரை ஊற்றி மூடி, என் முதுகுக்கும் சேருக்கும் நடுவில் செருகினார்.

"சூடு பத்துதா?" என்று கேட்டார்.